மாத்திர எதுவும் போடல

இல்ல டாக்டரம்மா, எம்பொண்ணு பைய நல்லாக் கொட்டித் தேடிட்டேன். பேதி மாத்திர அட்ட ஒண்ணுகூட இல்ல. சீப்பு, டிபன் டப்பா, ஐடி கார்டு, அவ்ளோதான். அறிவுமதிக்கு வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைங்க, காண்ட்ராக்ட்டு. தெனம் கீழ்பென்னாத்தூர்லேருந்து பஸ்ஸு.

பரவால்லைங்க, நிக்கறேன்.

ஆமாங்க, ரெண்டு மாசமாவே வயித்தால போயிட்டுத்தான் இருந்துச்சு. வெளிச் சாப்பாடு சேரலன்னு அவளே சொல்லிக்கிட்டா. அப்புறம் காலு இழுத்துப் புடிக்குதுன்னா. படி ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மான்னா. கல்யாணப் பயம்டி, எல்லாருக்கும் வர்றதுதான்னேன். முந்தாநேத்து பஸ் ஸ்டாண்டுல சுருண்டு வுழுந்துட்டா. யாரோ புண்ணியவான் ஆட்டோல ஏத்தி இங்க கொண்ணாந்து சேத்தாரு.

கல்யாணம் வர்ற தையில. பொண்ணு பாக்க வந்தன்னிக்கி மாப்ள அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. பொண்ணு லட்சணமா இருக்கா, கொஞ்சம் பூசுனாப்ல இருக்கான்னு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. இவ காதுல அது வுழலைங்க, உள்ள போயிட்டா. என் காதுலதான் வுழுந்துச்சு.

எளச்சா, ஆமா. ரவிக்கையெல்லாம் புடிச்சித் தச்சோம். நீங்க நேத்து சொன்னீங்களே, கொறஞ்சது கொழுப்பு இல்ல, ஒடம்புத் தண்ணியும் உப்புந்தான்னு. பொட்டாசியம் ஜாஸ்தி எறங்கிட்டா நெஞ்சே நின்னு பூடும்னு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அழுகை வரல. ஏன்னு தெரியல. செவுத்து காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

பேதி மருந்த நிறுத்துறதப் பத்திச் சொன்னதும் ஞாபகம் இருக்குங்க. நிறுத்துனா கொஞ்ச நாளு மலம் கட்டும், ஒடம்பு ஊதும், அதப் பாத்துப் பயந்துக்கிட்டு திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டு மூணு வாரத்துல தானா வடியும். தண்ணி, கீர, பழம் குடுக்கணும். ரத்தம் அப்பப்ப பாக்கணும். மருந்து வேணும்னா நீங்கதான் எழுதணும், நாங்களா வாங்கக் கூடாது. சரிங்களா? ஊதுனா ஊதட்டும்.

ஆனா நாளைக்கி மனநல டாக்டரு வராருன்னீங்களே, அது வேணாங்க. காலைல நர்சம்மா மறுபடி அவளக் கேட்டாங்க, என்ன மாத்திர போடற, மறைக்காமச் சொல்லுன்னு. எதுவும் போடலக்கான்னா. இந்த மாதிரிப் புள்ளைங்க லேசுல ஒத்துக்காதுங்கன்னு நர்சம்மா எங்கிட்டச் சொன்னாங்க. அவ என்னத்தான் பாத்தா. நீயாவது சொல்லும்மாங்கற மாதிரி.

அவ பொய் சொல்லலைங்க.

தெனம் காலைல அவளுக்கு சுக்கு காப்பி போட்டுக் குடுப்பேன். நாட்டு மருந்துக் கடைல பேதிக்கு நெலாவாரப் பொடி விப்பாங்கல்ல, அதக் கலந்துதான். எலதானே, என்னா பண்ணிடும்னு இருந்துட்டேன். ஏம்மா கசக்குதுன்னு கேப்பா. இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டுக் குடுப்பேன்.

எழுதிக்கிங்க.

அவகிட்ட நான் சொல்லணுமாங்க, இல்ல நீங்களே சொல்லிடறீங்களா?