நாலாவது படம்

— ஒரு நாள்னா மெஷின் கோளாறு. ரெண்டு நாள்னா மழை மேல பழியப் போடலாம். மூணு நாளும் சொல்லி வெச்சாப்ல அதே நாலாவது படத்துல நின்னுபோனா அதுக்கு என்ன பேரு ஏழுமலை? நீங்கதானே இந்த டிவி நிலையத்துக்குத் தலைமை எஞ்சினியர். சொல்லுங்கோ.

— அந்த கேமராவுக்கு இன்னா வயசு தெரியுமா டைரக்டர் சார்? நீங்க தலை கறுப்பா இங்க வந்து சேந்தீங்களே, அப்ப வாங்கினது. சூடாய்ட்ச்சின்னா படுத்துக்கும்.

— மூணாவது படம் வரைக்கும் சூடாகாம, நாலாவதுக்கு மட்டும் சூடாகி, அஞ்சாவதுக்கு ஆறிடறதாக்கும். நான் ஒண்ணு கேக்கறேன். செய்தி முடிஞ்சதும் காணாமப் போனவா படம் ஆறு காட்டறோம். அட்டையில ஒட்டி, கேமரா முன்னால ஒண்ணொண்ணா மாத்தி வெக்கற வேலை. அதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்? அந்த நாலாவது முகம் வர நேரத்துக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு வந்து நிக்கறது. முகம் போனதும் தடங்கலும் போயிடறது.

— சார், இந்த ஒரு படத்துக்காகக் காலை மீட்டிங் முழுக்க...

— ஜெயபாரதி, நடுவுல வராதீங்கோ. செய்திப் பிரிவுக்கு நீங்க தலை. லிஸ்ட் உங்க மேஜையிலேர்ந்துதான் போறது. உங்களையும் கேக்கத்தான் போறேன்.

— கேளுங்க. பதில் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

— அந்த நாலாவது படத்துப் பொண்ணோட புருஷன் யார் தெரியுமோ? பாண்டி பஜார்ல மூணு மாடி ஜவுளிக்கடை வெச்சிருக்கற அய்யாதுரை. தீபாவளிக்குத் தீபாவளி நமக்கு விளம்பரம் குடுக்கறவர். நேத்து டெல்லி தலைமை ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன். 'என்ன சுந்தரராமன், ஒரு போட்டோ காட்டக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு'ங்கறான். எம் பிள்ளை வயசு அவனுக்கு. ரேடியோல ஆரம்பிச்சு முப்பது வருஷ சர்வீஸ், ஒருத்தன் என்னை இப்படிக் கேட்டதில்ல. ஏற்கெனவே ஊரே மொட்டை மாடியில டிஷ் வெச்சுண்டு தனியார் சேனல் பாக்கறது. நம்மகிட்ட மிச்சம் இருக்கறது செய்தியும் இந்தக் காணவில்லை அறிவிப்பும்தான். அதையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியாச்சு.

— அப்ப, டெல்லிக்காரன் திட்டினதுதான் கோவம்.

— அது மட்டுமில்ல. அந்த மனுஷன் காலம்பற இங்க வந்துட்டார். நீங்க உள்ள வரதுக்குக் கொஞ்ச முன்னாடிதான் கிளம்பினார். இதோ, ஏழுமலை உக்காந்துண்டிருக்காரே அதே நாற்காலியில உக்காந்துண்டு குழந்தையாட்டம் அழுதார். பொண்டாட்டி போய் எட்டு நாளாச்சு, தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. கையோட ஒரு பட்டுப்புடவை கொண்டு வந்திருந்தார், எங்காத்து மாமிக்குன்னு. ஆபீஸ்ல உக்காந்துண்டு ஒரு துரும்பு வாங்கமாட்டேன், எடுங்கோ முதல்லன்னுட்டேன். அப்படி இருந்துண்டிருக்கேன் நான். என்னைப் போய் இந்தப் பேச்சு கேக்க வெச்சுட்டேளே.

— அவ எதுக்குப் போனான்னு அவர்கிட்டக் கேட்டீங்களா சார்?

— புருஷன் பொண்டாட்டி சமாசாரம், எனக்கு எதுக்கு? போலீஸ் பாரம் வந்திருக்கு. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. காட்டவேண்டியது நம்ம வேலை. நாம தபால்காரன். கவருக்குள்ள என்ன இருக்குன்னு தபால்காரன் பிரிச்சுப் பாக்கறதில்ல.

— சரி, அது போகட்டும். ஞாயித்துக்கெழம முதமுதல்ல அந்தப் படம் ஒழுங்காத்தான் போச்சு. நீங்க பாத்தீங்களா?

— ஞாயித்துக்கிழமை கச்சேரிக்குப் போயிட்டேன். திங்கட்கிழமைலேர்ந்து ஆத்துல டிவி ரிப்பேர். நிலைய டைரக்டர் ஆத்துலயே படம் வரல, வெளில சொன்னா வெக்கக்கேடு. இந்த ஏழுமலை தானே வந்து பின்னாடி கழட்டிப் பாத்துட்டு, என்னமோ எரிஞ்சுபோச்சு, ஆள் அனுப்பறேன்னார். நாலு நாளாச்சு.

— ஆள் வருவான் சார்.

— எல்லாத்துக்கும் ஒரு 'வருவான் சார்'. கேமராவுக்கும் வருவான், என் டிவிக்கும் வருவான். எனக்கு இப்ப இருக்கற ஒரே நிம்மதி காலம்பற ஆத்துல குடிக்கற காபிதான். ஆத்துக்காரி காமாக்ஷிகிட்ட வீணை கத்துக்க யாரோ வெளியூர்ப் பொண்ணு வந்து தங்கியிருக்கு. மாடிப்படியில விழுந்து கையில கட்டு, ஆனா அந்தக் கையோட நன்னாப் போடறது காபி. நேத்து என்னமோ தேங்காப்பால்ல குழம்பு பண்ணித்து, சொதியாம். சாப்பிட்டுட்டு நிம்மதியாக் கிளம்பி இங்க வந்து உக்காந்தா வாயெல்லாம் கசக்கறது. ஏழுமலை, கடைசியாக் கேக்கறேன். யூனியன் வேலையா இது? எம் மேல என்ன விரோதம் உங்களுக்கு?

— யூனியனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் அமுக்குனேன் சார்.

— என்னது?

— கேமராவும் இல்ல, சூடும் இல்ல. மூணு நாளும் எட்டு பத்துக்குக் கன்ட்ரோல் ரூம்ல போய்க் குந்திக்கினு என் கையாலதான் அமுக்குனேன். தடங்கல் அட்டைக்குன்னு ஒரு பட்டன் கீதே, அது.

— நான் சொல்லித்தான் அவர் செஞ்சாரு. எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க சார்.

— ஓ. ஜோடி சேந்துண்டேளா. மெமோ கிமோ எல்லாம் கிடையாது, ரெண்டு பேருக்கும் இன்னிக்கே சஸ்பென்ஷன் எழுதி டெல்லிக்கு அனுப்பறேன். யாரக் கேட்டுண்டு பண்ணினேள் இதை?

— அந்தப் பொண்ணு கேட்டா. திங்கக்கிழம காலைல என் மேஜைக்குத்தான் போன் வந்துச்சு. கொட்டிவாக்கத்துல கூடப் படிச்ச பிள்ளை வீட்டுல இருந்திருக்கா. நம்ம படத்தப் பாத்துட்டு எதிர்வீட்டுக்காரன் ஜவுளிக்கடைக்குப் போனைப் போட்டுட்டான். ஒரு மணி நேரத்துல ரெண்டு காரு. கொல்லை வழியா ஓடி, மீன்காரங்க குடிசைல ஒளிஞ்சு தப்பிச்சிருக்கா. 'அக்கா, நான் காணாமப் போகல, அடி தாங்காம வந்துட்டேன், என் மொகத்தக் காட்டாதீங்க'ன்னு அழுதா. உங்க நாற்காலியில ஒருத்தர் அழுதார்னீங்கள்லா. என் போன்ல ஒருத்தி அழுதா.

— அடின்னா போலீசுக்குப் போகணும். மகளிர் காவல் நிலையம்னு தனியாவே இருக்கே இப்ப.

— போவா. அவளுக்குத் தெரிஞ்ச வக்கீலம்மா நாளைக்கு மதுரைலேர்ந்து வந்ததும் அவங்களோட போவா. தனியாப் போனா சமாதானம் பேசிப் புருஷன்கூட அனுப்பிருவாங்கன்னு பயம். நாங்க கேட்டது நாலே நாள் சார்.

— எங்கிட்டக் கேட்டேளா? எங்கிட்ட வந்து சொன்னேளா? இந்த நிலையத்துக்குத் தலைன்னு ஒருத்தன் இருக்கானோ இல்லியோ?

— போன வருஷம் வந்து சொன்னேன்லா. மீனாட்சிக்காக.

— அந்தப் பேரை இப்ப எதுக்கு இழுக்கறேள்?

— நான் இஸ்துக்கினு வரேன் சார், அந்தப் பேர. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டுல மீனாட்சியக் கண்டுபுட்ச்சு போலீசுக்குச் சொன்னது யாரு? நான்தான். நம்ம டிவில பாத்த மொகமாச்சேன்னு ஓடிப்போய்ச் சொன்னேன். நீங்க நேயர் கடிதம் படிக்கிற நிகழ்ச்சில அவ புருஷன் எழுதின நன்றிக் கடுதாசியப் படிச்சீங்க. சிரிச்சிக்கினே படிச்சீங்க. 'நமது ஏழுமலை அவர்களின் கூர்மையான பார்வை'ன்னு என் பேரச் சொன்னீங்க. எங்க வூட்ல பாயாசம் வெச்சாங்க சார்.

— நல்ல காரியம்தானே அது.

— புருஷன் வூட்டுக்குத் திரும்பிப் போன எழுவதாவது நாள் ஸ்டவ் வெட்ச்சு செத்தா. துக்கத்துக்குப் போனேன். அந்த வூட்டு அடுப்படிய என் கண்ணால பாத்தேன், ரெண்டு கேஸ் சிலிண்டர் நிக்கிது. கேஸ் இருக்கற வூட்ல ஸ்டவ் எதுக்கு சார் வெடிக்கிது?

— விபத்துன்னு கேஸை முடிச்சுட்டா.

— முடிச்சாங்க. ஏழுமலை பாத்துட்டு வந்து சொன்னதும் நான் அந்தச் சாவுச் செய்திய எழுதிக் கொண்டாந்து இதே மேஜைல வெச்சேன். நம்ம காட்டி, நம்ம புடிச்சுக் குடுத்த பொண்ணு, நம்மதான் சொல்லணும்னேன். நேயர்கள் மனசு கஷ்டப்படும்னுட்டு சிவப்பு மையில குறுக்க ஒரு கோடு போட்டீங்க. கடுதாசி வாசிச்ச வாய்க்கு அதையும் வாசிக்கத் தெம்பில்ல. அன்னைக்கு எனக்கு எரிஞ்சது இன்னும் அணையல சார். அதான் இந்தத் தடவ உங்ககிட்ட வரல.

— என்னைக் கொலைகாரன்கறேளா?

— இல்ல. நீங்க பாக்கமாட்டீங்க. அவ்வளவுதான் உங்க குத்தம். தெனமும் ஆறு படத்துக்குக் கையெழுத்துப் போடுதீங்க, ஒரு மொகத்தையாவது பாத்திருக்கீங்களா? அந்த நாலாவது அட்டை ராத்திரி ஒளிபரப்பு முடிஞ்சதும் உங்க மேஜைக்குத்தான் திரும்பி வருது. இதோ, காபி டம்ளருக்கு அடியில கவிழ்ந்து கெடக்கு.

— நான் பாக்கவேண்டிய அவசியம் இல்ல. பாரத்தைப் பாத்தாப் போறும். இன்னிக்கு எட்டு பத்துக்கு நானே கன்ட்ரோல் ரூமுக்கு வரேன். என் கையால அந்த அட்டையக் கேமரா முன்னால வெக்கறேன். எவன் பட்டன்ல கை வெக்கறான்னு பாக்கறேன்.

— வெய்ங்க. வெக்கறதுக்கு மின்ன ஒரு தபா திருப்பிப் பாத்துட்டு வெய்ங்க சார்.

— பாத்தா என்ன ஆயிடும்? மனசு இளகிடுமாக்கும். பாக்கறேன். இதோ. சுந்தரவல்லி, வயசு இருபத்திநாலு, மாநிறம், இடது புருவத்துக்கு மேல தழும்பு, கடைசியாக் கட்டியிருந்தது...

— படிங்க சார்.

— ஜெயபாரதி, இது... இது காலம்பற எனக்குக் காபி குடுத்த பொண்ணு.

— ஆமா சார்.

— எங்காத்துல. நாலு நாளா எங்காத்துல. மாடிப்படியில விழுந்துட்டேன்னாளே. காமாக்ஷிக்குத் தெரியுமா?

— மாமிதான் வந்து ஆட்டோல கூட்டிட்டுப் போனாங்க. என் மக அவங்ககிட்ட வீணை படிக்கால்லா, அந்தப் பழக்கத்துல நான்தான் போய் அழுதேன். 'அய்யாதுரை தேடிண்டு வராத ஒரே ஆம் எங்க ஆம்தான். எதிர்ல நிக்கறவா முகத்தப் பாக்காத மனுஷர் அங்க இருக்கார்'னாங்க.

— அப்ப டிவி?

— உங்க டிவி நல்லாத்தான் கீது சார். உள்ள ஒரு ஒயர நான்தான் பிடுங்கி வெச்சேன். எங்கனா படம் வந்துட்சின்னா நீங்க பாத்துடப் போறீங்களேன்னு.

— எல்லாருமா சேந்துண்டு. கட்டின பொண்டாட்டி, கூட வேலை பாக்கறவா, அத்தனை பேரும். ஒருத்தருக்காவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியே.

— சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? சொல்லுங்க சார். அரை மணி முன்ன அந்த ஆள் இங்க அழுதப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?

— ஏழுமலை, ஆத்துக்குப் போனைப் போடுங்கோ. சீக்கிரம்.

— மாமியத் திட்டறதுக்கா சார்? வேணாம், சாய்ந்திரம் வூட்ல போய்...

— போடுய்யான்னா போடு.

— போட்டுக்கினுதான் கீறேன். ரிங்கு போவுது. போய்க்கினே கீது, யாரும் எடுக்கல.

— எடுக்கமாட்டா. வியாழக்கிழம பதினொண்ணு வரைக்கும் மாமி மந்தைவெளில பாட்டு கிளாஸ்ல இருப்பாங்க. அவ தனியாத்தான் இருப்பா. நீங்க பதறாதீங்க சார், ராஜா அண்ணாமலைபுரத்துல அந்த வீட்டை யாருக்குத் தெரியும்? போன் எடுக்காத, யார் வந்தாலும் கதவத் தொறக்காதன்னு சொல்லியிருக்கு. சார் அனுப்பினாங்கன்னு யாராவது வந்து சொன்னா மட்டும் தொறன்னு மாமி சொல்லி வெச்சிருக்காங்க.

— சார், இன்னாச்சு? இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது?

— அந்தப் புடவைய நான் இங்க வாங்கல, ஜெயபாரதி. ஆத்துலயே குடுத்துடுங்கோ, நான் அனுப்பினேன்னு சொல்லுங்கோன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்து அனுப்பிச்சேன்.