பட்டினி போட்ட செடியும் பதில் சொன்ன இலையும்

அவைக்கு அழகு சேர்க்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று ஏங்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! என் செல்வங்களே! ஊசி பிடித்த கையால் ஒலிபெருக்கி பிடித்திருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

என்ன, முன்வரிசை அண்ணன் "சுருக்கமா பேசும்மா" என்கிறார்? அண்ணா, சட்டையில் சுருக்கம் விழுந்தால் சண்டைக்கு வருபவர் நீங்கள்தானே!

அறிவியல் ஆசிரியை தற்காலிகப் பணியில் இருப்பவர். அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? அதுதானே இன்றைய கேள்வி? "நம்மைக் கூட்டிவைத்துச் செய்த சோதனையே கோணலாய்ப் போனது, அவருக்குத் தொழில் தெரியாது" என்பதுதானே குற்றச்சாட்டு? அன்று நானும் அந்த வகுப்பில் நின்றிருந்தேன்.

பாடம் ஒளிச்சேர்க்கை. வெயிலைக் கொண்டு இலை உணவு சமைக்கிறது. சமைத்ததை மாவுச்சத்தாய்ச் சேர்த்துவைக்கிறது. மாவுச்சத்து இருந்தால், அயோடின் பட்டதும் இலை கருநீலமாகும். இல்லையென்றால் ஆகாது. அதைக் காட்ட இரண்டு தொட்டிச் செடிகள். ஒன்று சன்னலோரம், மற்றொன்று இரண்டு நாளாய் அலமாரி இருட்டில்.

"இதைப் பட்டினி போட்டிருக்கோம். இதோட இலை கருநீலமா மாறாது, பாருங்க" என்றார் ஆசிரியை. இரண்டு இலைகளையும் ஸ்பிரிட்டில் சூடாக்கி, பச்சை நிறம் போக்கி, அயோடின் விட்டார். சன்னல் இலை கறுத்தது. பலே! அலமாரி இலை? ஐயோ, அதுவும் கறுத்தது!

சிரித்தோம். சிரித்துவிட்டுப் பலர் எழுந்து போய்விட்டீர்கள். போனவர்கள் பார்க்காததைத்தான் சொல்ல வந்தேன்.

ஆசிரியையின் முகம் வாடியது. வாடாதா? வேலையே ஊசலாடும் நேரம்! வேறொருவர் என்ன செய்திருப்பார்? இலையை மறைத்திருப்பார். மருந்தைப் பழித்திருப்பார். இவரோ அந்த இலையைப் பிள்ளைகள் முன் உயர்த்திப் பிடித்தார்.

"இலைக்குப் பொய் சொல்லத் தெரியாது. இது என்ன சொல்லுது?"

"வெயில் பட்டிருக்கு மிஸ்!"

"அலமாரிக்குள்ள வெயில் எப்படி வந்துச்சு?"

"யாரோ வெளியே எடுத்திருக்காங்க மிஸ்!"

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வாயே திறக்காததால் ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கியவள். வேறு யார்? நான் பெற்ற மகள்!

"நான்தான் மிஸ். பட்டினி போட்டிருக்கோம்னு நேத்தே சொன்னீங்களா, மனசு கேக்கல. இன்னிக்குக் காலையில வெயில்ல வெச்சுட்டு, மத்தியானம் திரும்ப உள்ளே வெச்சுட்டேன்."

அடித்தாரா என்கிறீர்களா தாயே? அடிக்கவில்லை. அதட்டவில்லை. அருகே அழைத்தார்.

"அரை நாள் வெயிலுக்கே இலை இவ்வளவு சமைக்கும்னு நீதானே காட்டியிருக்க? எங்கே வெச்ச, எவ்வளவு நேரம் வெச்ச? எல்லாருக்கும் சொல்லு."

சொன்னாள்! கரும்பலகையில் சூரியனை வரைந்து, தொட்டியை வரைந்து, மணி அடிக்கும்வரை சொன்னாள். அவள் குரல் இத்தனை இனிமையானது என்று பெற்ற எனக்கே அன்றுதான் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

பிறகு சங்கம் விளக்கம் கேட்டதே, ஆசிரியை என்ன சொன்னார்? "சோதனை சரியா வரலை, பொறுப்பு என்னுது" என்றார். ஒரு பெண்பிள்ளையின் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது என்று தன் பிழைப்பையே பணயம் வைத்தார். அவர் வாயை மூடினார், அதனால்தான் நான் திறக்கிறேன்!

இவருக்கா தொழில் தெரியாது? செடி உண்பதைச் சொல்லப் புத்தகம் போதும். செடிக்காக இரங்கிய பிள்ளையைத் தலைநிமிர வைக்கப் புத்தகம் போதுமா? போதுமா என்று கேட்கிறேன்!

ஆசிரியை இங்கேயே இருக்க வேண்டும் என்போர் கை தூக்குங்கள். தாய்மார்களே, நன்றி. அண்ணா, இரண்டு கையுமா? ஒன்று போதும்!

தலைவர் அவர்களே, பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி, வணக்கம். கைகளை எண்ணுங்கள். பிள்ளைகளுக்கு வாக்கில்லை என்பது எனக்கும் தெரியும். கடைசி வரிசையில் என் மகளும் கை தூக்கியிருக்கிறாள். அதை எண்ண வேண்டாம். பார்த்தால் போதும்.