ஜெயபாரதிக்கு நாம் சொல்ல வேண்டிய சாட்சி

அவைக்கு அணியாகவும் அமைதிக்கு இலக்கணமாகவும் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா சேதுராமன் அவர்களே, தேராவிலிருந்து தேடி வந்து இன்றைய விருந்துக்கு அரிசியும் பருப்பும் அள்ளித் தந்த அண்ணன் செய்கு முகம்மது அவர்களே, டியூட்டி முடிந்த களைப்போடும் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தோழர்களே, கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமையையும் எங்களுக்கே ஈந்துவிட்ட தாய்மார்களே, மூத்தோரே, உங்கள் அனைவரையும் தலைவணங்கித் தொடங்குகிறேன்.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘பொங்கலும் பண்பாடும்’. பண்பாட்டைப் பற்றிப் பேசத்தான் போகிறேன், ஆனால் பொங்கலை இன்று விட்டுவிடுகிறேன். தெளிவாகப் பேசக்கூடியவர் என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். தெளிவா? ஒரு வாரமாகத் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது ஐயா.

இந்த அஜ்மானில் தையல் கடையில் வேலை பார்க்கிறார் ஜெயபாரதி என்னும் தங்கை. அவர் சம்மதத்தோடுதான் பெயரைச் சொல்கிறேன். ஊர் வவுனியா. கணவர் யோகநாதனைப் பட்டப்பகலில் கடை வாசலிலேயே வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேடாத இடம் இல்லை, தட்டாத கதவு இல்லை, கும்பிடாத கோயில் இல்லை. தகவலும் இல்லை. பிறகு அதே ஆட்கள் இவரையும் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஓர் ஏஜெண்டைப் பிடித்து இங்கே தப்பி வந்தார். இப்போது அந்தத் தையல் கடையை மூடப்போகிறார்கள். விசா கேன்சல் ஆனால் விமானம் ஏற வேண்டும். ஏறினால் எங்கே இறங்குவார்? அந்த வேன் ஓடுகிற ஊரில்தானே இறங்குவார்?

அதனால் இங்குள்ள அகதிகள் அலுவலகத்தில் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்தார். விசாரணைக்கு அழைத்தார்கள். நல்ல காரியம் ஆயிற்றே என்று தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு போனார். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள். “ஓம், இருக்கிறார்” என்றார். எங்கே என்றார்கள். “வருவார்” என்றார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவரைக் கடத்தினார்கள் என்கிறார், கணவர் இருக்கிறார் என்றும் சொல்கிறார், முன்னுக்குப் பின் முரண், ஆகவே நம்ப இயலவில்லை என்று எழுதிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு தம்பி பல்லைக் கடிக்கிறார். அதிகாரியை எப்படித் திட்டுவது தம்பி? காதில் விழுந்ததைத்தானே அவர் எழுதினார்?

மறுபரிசீலனை கேட்க இந்த மாதக் கடைசி வரை வழி இருக்கிறது. மனு எழுத என்னிடம் வந்தார். நான்தான் சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன் ஆயிற்றே. ‘என் கணவர் இறந்துவிட்டார்’ என்று ஒரு வரி எழுதி, முரண் தீர்ந்தது என்று பேனாவை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“அண்ணை, நான் கையெழுத்து வைச்சா, அவரைச் சாக்காட்டினது நான் எண்டு ஆகாதோ?”

“அப்போ இருக்காருன்னே எழுதட்டுமாம்மா?”

“இருக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியாதே.”

“தெரியாதுன்னா, அங்க ஏம்மா இருக்காருன்னு சொன்னீங்க?”

“வேற என்னெண்டு சொல்லுறது அண்ணை?”

வேறு என்னவென்று சொல்வது? வீட்டுக்குப் போய் என் மனைவி நீலாவிடம் கேட்டேன். “என்னை யாராவது இழுத்துட்டுப் போய் வருஷக்கணக்கா தகவலே இல்லைன்னா, இருக்கேனான்னு கேக்கிறவங்களுக்கு என்ன சொல்லுவ?” என்றேன். நீலா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காபி ஆறுது, குடிங்க” என்றார். என்னால் குடிக்க முடியவில்லை.

தாய்மார்களே, உங்களையும் கேட்கிறேன். அந்த யோகநாதன் இருக்கிறார் என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் இல்லை. சரி, இறந்துவிட்டார் என்று சொல்லக்கூடியவர்கள்? அதற்கும் இல்லை. பின்னால் ஓர் அம்மா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. “பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லாதீங்க” என்கிறார். கேட்டீர்களா?

இந்தக் குழப்பம்தானே உண்மை? உயிர் என்று சத்தியம் செய்ய முடியாமல், சாவு என்று சம்மதிக்கவும் முடியாமல் சாகாமல் சாகிறவர்கள் நம் பெண்கள். அவர்கள் நெற்றியில் குங்குமம் இருக்கும், வாயில் ‘இருக்கிறார்’ என்ற சொல் இருக்கும். அது பொய்யா? அது முரணா? அது நம் வழக்கம் என்று அந்த அதிகாரிக்கு யார் சொல்வது? அந்த மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். கணவர் என்ன ஆனார் என்று தெரியாது, தெரியாதபோது எங்கள் பெண்கள் ‘இருக்கிறார்’ என்றுதான் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதற்குச் சாட்சியாக உங்கள் கையெழுத்து வேண்டும்.

நமக்கு விசா கொடுத்த கஃபீலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்கிறார் ஒரு நண்பர். நியாயமான பயம். கையெழுத்துப் போட்டால் நமக்குத் தொல்லை வருமா? தெரியாது. போட்டால் மனு ஜெயிக்குமா? அதுவும் தெரியாது. போடாவிட்டால் அந்தத் தங்கை எந்த ஊரில் போய் இறங்குவார் என்பது மட்டும் நம் எல்லோருக்கும் தெரியும்.

மனு சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மேசை மேல் இருக்கிறது. குழம்பியவன் பேச்சைப் பொறுமையோடு கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி, கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.