எண்ணெய்க்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில்

பஜ்ஜி, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை, சார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சுவது எங்கள் ஆலைக்குத்தான் வரும். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். இரண்டும் கலந்து மோர் மாதிரி நிற்கும். தொட்டிக்குள் இருக்கும் தகடுகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், தண்ணீர்த் துளிகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்து, கனத்து, அடியில் இறங்கிவிடும். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. பதினெட்டு வருடமாக அந்தக் கோட்டைக் காத்தவன் நான். பெயர் ஜீவானந்தம், பராமரிப்புப் பொறுப்பாளர்.

போன ஆடியில் கோடு கலங்கத் தொடங்கியது. வோல்டேஜை ஏற்றினேன். இன்னும் கலங்கியது. அப்போதுதான் காவேரி வாயைத் திறந்தாள். சேரப்பணஞ்சேரிப் பெண், கான்ட்ராக்டில் சேர்ந்து இரண்டு வருடம்.

“சார், கரண்ட்ட ஏத்த ஏத்த அந்தக் கோடு முள்ளு முள்ளா எழும்புது. சேந்த தண்ணி திரும்பவும் பொடியா ஒடையுது. கொஞ்சம் கொறச்சிதான் பாருங்களேன்.”

“நீ தொடைக்கிற வேலயப் பாரும்மா” என்றேன்.

நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், மேனேஜர் வானமாமலை அவள் சொன்னபடி குறைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் கோடு தெளிந்துவிட்டது. மறுநாள் எல்லாரையும் நிறுத்திவைத்து, “பதினெட்டு வருஷ சர்வீஸுக்குத் தெரியாதது இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். காவேரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்திருக்கலாம்.

தொட்டியின் மூடியைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கும். அதற்கென்று ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. வியாழக்கிழமை டீ நேரத்தில் அதன் இரண்டு வயர்களைக் கழற்றி ஒன்றாக முறுக்கினேன். இனி மூடி திறந்தாலும் பூட்டுக்குத் தெரியாது. ஐந்து நிமிட வேலை. பிறகு காவேரியைக் கூப்பிட்டு, தகட்டில் கசடு படிந்திருக்கிறது, இரும்புக் கம்பியால் சுரண்டிவிடு என்றேன்.

மூடியைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் தயங்கினாள். “கரண்ட்டு இல்லல்ல சார்?”

“மூடி தொறந்தா ஏதும்மா கரண்ட்டு?”

நியாயமான பதில்தானே. அவளுக்கும் அப்படித்தான் பட்டது. வலி தெரிந்திருக்காது, சார். அந்த வோல்டேஜில் அதற்கெல்லாம் நேரமில்லை.

ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டேன். அடக்கத்துக்கும் போனேன். அவள் அம்மா முனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களப் பத்தி ஒசத்தியாத்தான் சொல்லிக்கினு இருப்பா சார்” என்று அழுதார். எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

நேற்று கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. பூட்டு வேலை செய்யவில்லை, பராமரிப்பில் அலட்சியம் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மாதம் தவறாமல் நான் சோதித்த பூட்டு அது. ஒருநாளும் பழுதானதில்லை. காவேரியை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அலட்சியம் என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், சார்.