ஓவு இல்லாத வீடு

போகாதிய அக்கா. நான் சொல்லுகேன்லா, போகாதிய. கொஞ்சம் தள்ளி இருங்க, இவள மடியில வச்சுக்கிடுகேன். ஏட்டி ரெஜிஷா, மாமி சேலைய இழுக்காத.

வடசேரி கடையில நீங்க கம்பளிச் சட்டை கேட்டப்பவே நெனச்சேன், எங்கயோ குளுருக்குப் போற ஆளுன்னு. பஸ்ஸுல ஏறி, எடின்பரோன்னு சொன்னியளா, எனக்கு சிரிப்பு தாங்கல. நான் போயிட்டு வந்து மூணு மாசந்தான் ஆகுது. எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காவ. படிக்கப் போனவிய, முடிச்சுட்டு அங்கயே வேலை. கம்பியூட்டர் முன்னால இருந்து பாக்குற வேலை. கிறிஸ்மஸோட விசா முடியுது. நீட்டட்டுமா, வந்துரட்டுமான்னு என்கிட்ட கேட்டிருக்காவ. இன்னைக்கு சாயங்காலம் போன் வரும், நான் பதில் சொல்லணும். மாமியாருக்கு மகன் அங்கயே இருக்கணும். சர்ச்சுல நாலு பேருகிட்ட சொல்லிக்கிடலாம்லா. நான் வந்துருங்கன்னு சொல்லப் போறேன். அந்த ஊரு கொள்ளாது, அவ்வளவுதான்.

ஆமா, நல்ல ஊருன்னுதான் எல்லாரும் சொல்லுகாங்க. என்ன நல்ல ஊரு. பாறை மேல ஒரு கோட்டை. நம்ம மருந்துவாழ்மலைல கால்வாசி வராது, அதுக்கு ஏறி இறங்குனவன் எல்லாம் இமயமலைக்குப் போனவன் மாதிரி நின்னு போட்டோ எடுக்கான். மத்தியானம் ஒரு மணி ஆச்சுன்னா பீரங்கி வெடிக்காங்க, மணி தெரியணுமாம். எல்லாவன் கையிலயும் போன் இருக்கு. இவ மொத நாளு பயந்து, குடிச்ச பால் அம்புட்டையும் கக்கிட்டா. கட்டடமெல்லாம் செங்கச்சூளைக்குள்ள இருந்து எடுத்து வச்ச மாதிரி ஒரே கரி. வெள்ளையடிக்கக் கூடாதான்னு கேட்டா, பழமையாம். இங்க அப்படி ஒரு வீட்ட விட்டா, பஞ்சாயத்துல வந்து இடிக்கச் சொல்லுவான். மழையாவது ஒழுங்காப் பெய்யுமா, சவம், பக்கவாட்டுல வந்து காதுக்குள்ள போகுது.

உங்க மக புக் பண்ணியிருக்கது என்ன, ஹோட்டலா? வீடா. செல்ஃப் கேட்டரிங்கா. அதேதான், அதேதான். அதுக்கு அர்த்தம் என்னன்னு மக சொன்னாளா? காசும் குடுத்துட்டு நாமளே பொங்கித் தின்னணும். லீவுக்குப் போயும் நமக்கு அடுப்படிதான். அதுக்கு எதுக்கு பிளேன் ஏறணும், சுசீந்திரத்துல ஒரு வீட்ட எடுத்துப் பொங்குங்க. தேங்காயாவது கிட்டும்.

நாங்க போனப்ப எங்க வீட்டுக்காரரு ரூமுலயே தங்கியிருக்கலாந்தான். நாலு பசங்க சேந்து இருக்க எடமாம், பொம்பளையும் பிள்ளையும் இருக்க முடியாதாம். அதனால போன்ல பாத்து நல்ல வீடா ஒரு வாரத்துக்குப் புடிச்சிருக்கேன்னாவ. நாலாவது மாடி. லிஃப்ட் கெடையாது, சுத்திச் சுத்தி கல்லுப் படி. நடுவுல தேஞ்சு குழியா இருக்கு, அதையும் பெருமையாச் சொல்லுகாங்க.

சமையக்கட்ட பாத்தேன் பாருங்க. வைன் குடிக்க கண்ணாடி கிளாஸ் வரிசையா இருக்கு, சோறு பொங்க ஒரு பானை இல்ல. பால் காய்ச்சுற குண்டான் ஒண்ணு. உப்பு இல்ல. கத்தி வெங்காயத்த நசுக்குமே தவிர வெட்டாது. நான் இங்க இருந்து தேங்காய வறுத்து அரைச்சுக் கொண்டுபோனதால பிழைச்சோம். அயிலை வாங்கி மீன்குழம்பு வச்சேன். கடுக தாளிச்ச பொகைக்கு கூரையில ஒரு மிஷின் கிடந்து அலறுது. அவிய துள்ளி எந்திரிச்சு, மூலையில இருந்த கம்ப எடுத்து மேல ஒரு குத்து, அடங்கிட்டு. எனக்கு அப்பவே ஒரு இது. வந்த அன்னைக்கும் லைட் சுவிட்ச் எங்கன்னு அவிய தேடல. படுக்கை விரிச்சாவ, மூலையெல்லாம் தபால் கவர் ஒட்டுன மாதிரி மடிப்பு. நம்ம வீட்டுல பாய் சுருட்டத் தெரியாத மனுசன். தனியா இருந்து படிச்சுட்டாவ போலன்னு நெனச்சேன்.

குழம்பா? அத ஏன் கேக்கிய. மூணு தட்டு சோறு தின்னாவ. சட்டிய வழிச்சு, வெரலயும் நக்கிட்டாவ.

கடைசி நாளு காலையில, அவிய பால் வாங்கப் போயிருந்தாவ. ஒரு வீட்ட விட்டுப் போறப்போ அழுக்கோட போடக்கூடாதுல்லா. எங்கம்மா வாடகை வீடு மாறுறப்பெல்லாம் கழுவி விட்டுட்டுத்தான் சாவி குடுப்பா. நானும் பக்கெட்டுல தண்ணி பிடிச்சு, சோப்புப் பொடி போட்டு, கூடம் பூரா வீசி ஊத்திட்டேன். வாரியல் இல்ல, சின்னதா ஒரு பிரஷ். தேச்சுத் தேச்சு தள்ளிட்டுப் போறேன், தண்ணி வெளிய போக ஓவக் காணோம். நாலு சுவத்துலயும் ஒரு ஓட்டை இல்ல அக்கா. அப்புறந்தான் பாக்கேன், தரை முச்சூடும் பலகை. தண்ணி சந்துக்குள்ள இறங்குது. சிரிக்காதிய. சரி சிரிங்க, நானும் சிரிச்சேன்தான், பின்ன.

அவிய வந்து பாத்தாவ. ஒரு வார்த்தை ஏசல. பாத்ரூம் பக்கம் ஒரு பூட்டுன அலமாரி உண்டு, தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கும். நேரா போயி நம்பரத் தட்டுனாவ. யாரையும் கேக்கல, போனப் பாக்கல. பூட்டு தொறந்துட்டு. உள்ள துடைப்பான், துண்டு, ஏப்ரன் எல்லாம் அடுக்கி இருக்கு. முட்டுப் போட்டு, கதவுல இருந்து தொடங்கி பின்னால நகந்து நகந்து துடைக்காவ. நம்ம ஊர்ல ஒரு ஆம்பளை அப்படித் துடைச்சு நான் பாத்ததில்ல. புதுசாத் துடைக்கிற கையி இல்ல அது.

கீழ் வீட்டுக் கெழவி ஏறி வந்துட்டா. நான் ஊத்துன தண்ணி அவ உச்சியில சொட்டியிருக்கும் போல, தலையில துண்டு. அபின்னு கூப்பிட்டா அக்கா. நானே அவிய பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அபி, இன்னைக்கு இங்க துடைக்க உன் நாளு இல்லையே, அடுத்த வீட்டுக்குத்தானே போவன்னு கேக்கா. இங்கிலீஷ்தான், எனக்கு அவ்வளவு புரியும். என்னையும் பிள்ளையயும் பாத்துட்டு, யாருன்னு கேட்டா. அவிய தலையத் தூக்கல. கெஸ்ட்டுன்னாவ.

அந்த வார்த்தை தெரியாமலா இருக்கும் எனக்கு.

கெழவி என்னப் பாத்து சிரிச்சா, நானும் சிரிச்சேன். இவள இடுப்புல வச்சுக்கிட்டு கெஸ்ட்டு மாதிரியே நின்னேன், வேறென்ன செய்ய. ஏர்போட்டுல, வீடு நல்லாருந்துச்சான்னு கேட்டாவ. சமையக்கட்டு கொள்ளாதுன்னேன். இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன், சமையக்கட்டு கொள்ளாது, ஊரு கொள்ளாது, வந்துருங்க. அவியளுக்கு அது போதும். மாமியாருக்கும் அது போதும்.

உங்க ஸ்டாப்பு வருது பாருங்க, எந்திரிங்க. அந்தப் படத்த ஒருக்கா காட்டுங்க. கோட்டைக்குக் கீழ உள்ள தெருதானே? அப்ப பக்கந்தான், கிறிஸ்மஸ் வரைக்கும் அந்த வரிசை வீடெல்லாம் அவியதான் துடைப்பாவ போல. போகாதியன்னா கேக்கவா போறிய. போங்க. ஆனா மீன்குழம்பு வச்சா, கிளம்புற அன்னைக்கு ஒரு கிண்ணம் ஃபிரிட்ஜுல விட்டுட்டு வாங்க. குழம்புப் பொடி நான் இடிச்சுத் தாறேன். யாருக்குன்னு எழுதி ஒண்ணும் வைக்காதிய. கெஸ்ட்டு விட்டுட்டுப் போனதுன்னே நெனைக்கட்டும்.