விழுந்த இடமும் கிடைத்த இடமும்

— தள்ளி நில்லுங்க பெரியவரே, ஃபைல் மேல தண்ணி சொட்டுது. வெளிய மழையே இல்ல, நீங்க எங்க போய் இப்படி நனைஞ்சீங்க?

— வாய்க்கால்லேருந்து வர்றேன் மேடம். அதாவது…

— வாய்க்கால்ல குளியல், துவட்டிக்கக்கூட இல்லாம நேரா ஆபீசா? நல்லாருக்கு. பேரு?

— அமிர்தராஜ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், ஓய்வு. பதினோரு மனு போட்டிருக்கேன், உங்களுக்கே தெரியும். மேடம், ஒரு அவசரம். இன்னைக்குக் காலைல…

— அவசரம்னா வரிசை மாறிடுமா? கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என்ன விஷயம்?

— மேற்படி வாய்க்கால் கரை ரோடு மேடம். வாழைத்தோப்பு வளைவு. தடுப்புச் சுவர்.

— ஓ, நீங்களா! மக ஸ்கூட்டியோட போச்சே, அந்த கேஸ். அதான் முடிஞ்சுபோச்சே சார். சுவர் கட்டியாச்சு, ஃபைலும் மூடியாச்சு. பதில் வரலையா?

— வந்துச்சு மேடம். ‘தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ன்னு போட்டிருந்துச்சு. ஆனா வளைவுல ஒரு செங்கல்கூட இல்ல.

— வளைவுல எதுக்கு இருக்கணும்? மதகுகிட்டல்ல கட்டினோம். அறுபது அடி நீளம். மஞ்சளும் கறுப்பும் பட்டை அடிச்சு, ஜம்முனு நிக்குது.

— மதகு ரெண்டு கிலோமீட்டர் கீழ இருக்கு மேடம். அங்க ரோடே கிடையாது, ஒத்தையடிப் பாதைதான். சுவத்து மேல பொடவை காயப்போடுறாங்க.

— நாலு பேருக்கு உபயோகமா இருக்குல்ல, சந்தோஷப்படுங்க.

— எங்க பெலிண்டா விழுந்தது வளைவுல மேடம்.

— யாரு பார்த்தா? பாடி கிடைச்சது மதகுல. ரெக்கார்டுபடி அதுதான் இடம். நானா எழுதினேன்? இருங்க, உங்க கையெழுத்தையே காட்டுறேன். ஜமீல் அண்ணே, அளக்குற டேப்பக் கீழ வெச்சிட்டு அந்தப் பச்சை அட்டையக் குடுங்க. ம்… இந்தாங்க, உங்க முதல் மனு. நீங்களே வாசிங்க.

— ‘எங்கள் ஒரே மகள் பெலிண்டா உயிரிழந்த இடத்தில்…’

— போதும். உயிரிழந்த இடத்தில். உயிர் எங்க போச்சு? போலீஸ் பேப்பர்படி மதகுல. நீங்க எழுதிக் கேட்டதைத்தான் கட்டிக் குடுத்திருக்கோம். புரியுதுங்களா?

— முதல்ல ‘விழுந்த இடம்’னுதான் எழுதினேன் மேடம். நான்தான் அடிச்சுட்டு மாத்தினேன்.

— எதுக்கு மாத்தினீங்க?

— ஒரு பொம்பளப் புள்ளைய ‘விழுந்தாள்’னு எழுதினா படிக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்களோன்னு. ‘உயிரிழந்த’ன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு… வீட்டுல லூர்துராணி அப்பவே சொன்னா, ‘விழுந்ததை விழுந்ததுன்னே எழுதுங்க’ன்னு.

— பாருங்க, பொம்பளைக்கு இருக்குற மூளை உங்களுக்கு இல்ல. உங்க மரியாதைதான் இப்ப மதகுல நிக்குது.

— வீட்டுலயும் ரெண்டு வருஷமா இதே பேச்சுதான் மேடம். சோத்தப் போடும்போதெல்லாம், ‘மரியாதையாச் சாப்பிடுங்க’ம்பா.

— ஆமா, போன தடவை வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னாங்களே, இன்னைக்கு அழைச்சிட்டு வரலையா?

— வந்துக்கிட்டுதான் இருந்தா மேடம்.

— வரட்டும், வரட்டும். அழுதா வெளிய போய் அழச் சொல்லுங்க. எனக்குத் தலைவலி.

— மேடம், எங்க பேத்தி பிரான்சி தினம் அந்த வளைவுலதான் ஸ்கூல் வேன்ல போவுது. மருமகன் டோனி பின்னாடியே வண்டில போய் வளைவு தாண்டுற வரைக்கும் பார்த்துட்டு வர்றாரு. அப்புறம்தான் வேலைக்கே போறாரு.

— வேனா? வேன் கவுந்துச்சுன்னா மூணே நாள்ல சுவர் வந்துடும் சார். பேப்பர், டிவி எல்லாம் வந்துடுவான். ஒத்தை ஆளா விழுறதுலதான் இவ்வளவு இழுவை.

— அப்படிப் பேசாதீங்க மேடம்.

— நடக்குறதைச் சொன்னேன். கோவிச்சுக்கிட்டா எனக்கு என்ன?

— கோவம் இல்ல மேடம். மேற்படி வளைவுல சுவர் வரணும்னா என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லிடுங்க. நேரமாவுது.

— ஒரு சாவுக்கு ஒரு சுவர். உங்க மகளுக்குக் கட்டியாச்சு. வளைவுக்குத் தனியா வேணும்னா வளைவுல தனியா ஒரு ஆள் போயிருக்கணும். ரெக்கார்டுபடி அங்க இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல. புரியுதுங்களா?

— பால்காரர் தமிழ்மணி போன ஐப்பசியில அங்கதானே விழுந்தாரு?

— விழுந்தாரு. ஆனா தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்களே! கட்டில்லதான் போனாரு. கட்டிலைச் சுத்தியா சுவர் கட்டுறது? என்ன ஜமீல் அண்ணே?

— கட்டச் சொன்னாலும் நம்ம கான்ட்ராக்டர் மதகுலதான் கட்டுவான் மேடம்.

— கேட்டீங்களா, ஜமீல் அண்ணன் சொல்றதை? கொஞ்சம் சிரிங்க பெரியவரே.

— அப்ப, வளைவுல விழணும், வளைவுலயே போகணும், வளைவுலயே கிடைக்கணும். சரிதானே?

— சரி.

— கரை ஏத்தலாமா?

— என்னது?

— ஆளைக் கரையில தூக்கிப் போடலாமா, இல்ல தண்ணிக்குள்ளயே இருக்கணுமா? அதையும் சொல்லிடுங்க.

— கரை ஏத்தினா, வேற எங்கேருந்தோ கொண்டுவந்து போட்டுட்டாங்கன்னு எவனாவது எழுதிடுவான். ஜமீல் அண்ணன் போய் டேப் புடிக்கிற வரைக்கும் தண்ணிலயே, விழுந்த இடத்துலயே கிடக்கணும். அப்படி ஒரு புண்ணியவான் கிடைச்சா சொல்லி அனுப்புங்க.

— அதை எழுதித் தருவீங்களா மேடம்?

— எதை?

— இப்ப சொன்னதை. பன்னிரண்டாவது மனு கையோட இருக்கு. பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருந்ததால இது மட்டும் நனையல. ஓரத்துல குறிச்சு, சீல் வெச்சுக் குடுத்துடுங்க.

— உங்களோட பெரிய ரோதனை சார். குடுத்தா இடத்தைக் காலி பண்ணுவீங்களா?

— உடனே போயிடுவேன் மேடம்.

— ‘மேற்படி வளைவில் மரணம் நிகழ்ந்து, உடல் அதே இடத்தில் இருப்பின், நேரில் அளந்து நடவடிக்கை எடுக்கப்படும்.’ போதுமா?

— ‘அதே இடத்தில்’ வேணாம் மேடம். ‘விழுந்த இடத்திலேயே’ன்னு போடுங்க. பின்னாடி சண்டை வரக்கூடாது.

— இப்பவாவது புத்தி வந்துச்சே! சரி, போட்டாச்சு. சீலும் வெச்சாச்சு. கிளம்புங்க.

— தேதி போடுங்க மேடம். பக்கத்துலயே நேரமும். பத்து முப்பத்தஞ்சு.

— மனுவுக்கு எதுக்குய்யா நேரம்?

— ஒன்பதே முக்காலுக்கு வளைவுல எதிர்ல டிராக்டர் வந்துச்சு மேடம். ஒதுங்கினேன். இங்கதான், உங்ககிட்டதான் ரெண்டு பேரும் வண்டில வந்துக்கிட்டிருந்தோம். எனக்குக் கோரைப் புல்லு கைக்கு ஆப்புட்டுச்சு. லூர்துவுக்கு ஆப்புடல.

— என்ன சொல்றீங்க?

— மூச்சு இல்ல மேடம். நானும் பார்த்தேன், வேன் பின்னாடி போயிட்டுத் திரும்பி வந்த மருமகனும் பார்த்தாரு. நல்லாப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

— கடவுளே… ஜமீல் அண்ணே, ஜீப்பை எடுங்க! பெரியவரே, வந்ததும் சொல்ல வேண்டியதுதானே? அம்மா இப்ப எங்க? ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா?

— ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகல, கரையும் ஏத்தல மேடம். ஜமீல் தம்பி, டேப்பை மறக்காம எடுத்துக்கங்க. விழுந்த இடத்துலயே கழுத்தளவு தண்ணில மருமகன் அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கை மரத்துப் போவுதுன்னாரு, விட்டுட்டாருன்னா நீங்க மறுபடியும் மதகுலதான் கட்டுவீங்க.