ரயில் தள்ளின ராணி

செபநாயகம்: வெட்டியாச்சு! போச்சுது உன்ரை குதிரை.

நடராசா: எதாலை வெட்டினனீ?

செபநாயகம்: கண் இல்லையே உனக்கு? மந்திரியாலை.

நடராசா: அது என்ரை மந்திரி. என்ரை மந்திரியைத் தூக்கி என்ரை குதிரையை வெட்டியிருக்கிறாய், செபா.

செபநாயகம்: தெரியும். உன்ரை வீட்டுக்குள்ளை ஒரு சண்டை மூட்டிவிட்டுப் பாப்பமெண்டுதான்...

நடராசா: வெள்ளை எனக்கு. கறுப்பு உனக்கு.

செபநாயகம்: உங்கடை விறாந்தை சரியான இருட்டடா. லைற்றைப் போடு.

நடராசா: வெய்யில் உன்ரை மடியிலை கிடக்குது. இதுக்கை லைற்றைப் போட்டால் கொக்குவில் முழுக்கச் சிரிக்கும்.

செபநாயகம்: சரி சரி, ரண்டையும் பழைய இடத்திலை வை. நான் வேறை காய் நகர்த்திறன்.

நடராசா: தொட்ட காயை நகர்த்தவேணும் எண்டதெல்லே சட்டம்?

செபநாயகம்: எதிராளியின்ரை காயாலை எதிராளியின்ரை காயை வெட்டினவனுக்கு ஒரு சட்டமும் இல்லை.

நடராசா: அப்பிடி ஒருத்தன் பிறப்பானெண்டு சட்டம் எழுதினவனுக்குத் தெரியாமல் போச்சு.

செபநாயகம்: பொறு. எல்லாரையும் ஒருக்கா ஆசீர்வதிச்சிட்டு வாறன்.

நடராசா: திரும்பவும் காயளைத் தடவத் தொடங்கியாச்சோ?

செபநாயகம்: உது எங்கடை வேதக்காரற்றை வழக்கம். சண்டைக்கு முதல் படைக்கு ஆசீர்வாதம் குடுக்கவேணும்.

நடராசா: இத்தினை வரியமா இல்லாத வழக்கம், இந்த மாரிக்குப் பிறகு எங்காலை வந்தது?

செபநாயகம்: வயசு போகப் போகப் பக்தி வரும்.

நடராசா: சைக்கிளை விட்டிட்டு ஓட்டோவிலை வாறதும் பக்தியே?

செபநாயகம்: சைக்கிள் பஞ்சர்.

நடராசா: தைப்பொங்கலுக்கும் பஞ்சர். இப்ப சித்திரையும் வந்திட்டுது.

செபநாயகம்: ரியூப் கிடைக்கேல்லை.

நடராசா: குருநகரிலை இருந்த மீன்பிடி போட் மெசின் முழுக்கக் கழட்டிப் பூட்டின மெக்கானிக்குக்குச் சைக்கிள் ரியூப் கிடைக்கேல்லை!

செபநாயகம்: காயைப் பாரடா!

நடராசா: நான் பாக்கிறன். நீதான்...

செபநாயகம்: நிப்பாட்டு! கண்கதை விளையாட்டு முடிஞ்சாப் பிறகு. அதுதானே பந்தயம்?

நடராசா: ஓம். நான் வெண்டால் திங்கட்கிழமை நீ கண் ஒப்பரேசனுக்குப் போறாய்.

செபநாயகம்: நான் வெண்டால்?

நடராசா: நான் இனிக் கண்ணெண்டு வாயே திறக்கமாட்டன்.

செபநாயகம்: றொசாந்தியும் திறக்கக்கூடாது.

நடராசா: அவள் உன்ரை மகள். அவளுக்கு நான் எப்பிடிப் பிணை நிக்கிறது?

செபநாயகம்: நீதானே அவளின்ரை ஏஜென்ற். ரண்டுதரம் ஆஸ்பத்திரியாலை நாள் குடுத்தும் அப்பா ஒளிச்சிட்டார் எண்டு உன்னட்டைத்தானே வந்து அழுதவள்.

நடராசா: அவள் அழுததைக் கண்டபடியாத்தான் இண்டைக்கு இப்பிடி இருந்து வேர்க்கிறன்.

செபநாயகம்: வேர். நல்லா வேர். நீ கடைசியா என்னை வெண்டது எப்ப?

நடராசா: நல்லூர்க் கொடியேத்தத்துக்கு முதல்நாள்.

செபநாயகம்: எந்த வரியத்துக் கொடியேத்தம்?

நடராசா: ... அது ஞாபகமில்லை.

செபநாயகம்: எனக்கு இருக்கு. அண்டைக்கு எனக்கு நெருப்புக் காய்ச்சல்.

நடராசா: காய்ச்சலெண்டாலும் வெற்றி வெற்றிதான். சரி, உன்ரை ஆட்டம். ஆடு.

செபநாயகம்: ஆடுறன்... எங்கை என்ரை ராணி... ஆ, இஞ்சை நிக்கிறா. இவவைக் கொண்டுபோய் எங்கடை கடைசி வரிசையிலை இருத்திறன். காவலுக்கு.

நடராசா: உந்தப் பழைய ஸ்பார்க் பிளக்கை ராணியெண்டு சொல்ல எனக்கு இன்னும் வெக்கமாக் கிடக்கு.

செபநாயகம்: உன்ரை பேரப்பிள்ளை உண்மையான ராணியைக் கிணத்துக்கை போட்டதுக்கு நான் என்ன செய்ய? இது எத்தினை காத்துக்குள்ளையும் மழைக்குள்ளையும் மெசினை ஓட்டின பிளக் தெரியுமே? மற்றதெல்லாம் பிளாஸ்ரிக். இவ ஒருத்திதான் இரும்பு மனுசி.

நடராசா: உனக்குத் தடவிப் பிடிக்கவும் லேசு.

செபநாயகம்: ராணிக்கு மரியாதை குடுத்துக் கதை! இப்ப பார். என்ரை ராசா மூலைப்பக்கம் இருக்கிறார். முன்னாலை மூண்டு காலாள், மதில் கட்டினமாதிரி.

நடராசா: மதிலைக் கட்டிப்போட்டுக் கேற் வைக்க மறந்திட்டாய். என்ரை கோட்டை உள்ளை வந்தால் உன்ரை ராசாவுக்கு ஓட வழியில்லை.

செபநாயகம்: எப்பிடி உள்ளை வரும்? அந்த வரிசைக்கு ராணியெல்லே காவல். உன்ரை கோட்டை இறங்கினால் அடுத்த நிமிசம் தலை போகும். அதுக்கிடையிலை ஓரத்திலை நிக்கிற என்ரை காலாள் ரண்டு எட்டு வைக்கும். எனக்கு இன்னொரு ராணி. உனக்கு மங்களம்.

நடராசா: ... இதெல்லாம் செஸ் போட்டைப் பாத்தே சொல்லுறாய்?

செபநாயகம்: பின்னை?

நடராசா: உன்ரை கண் என்ரை காலிலை நிக்குது. அதாலை கேட்டனான்.

செபநாயகம்: எனக்குப் போட் மண்டைக்குள்ளை இருக்கு. உனக்கு வெளியிலை இருக்கு. அதுதான் நீ நெடுகத் தோக்கிறாய்.

நடராசா: அப்ப மண்டைக்குள்ளை எப்பிடியடா என்ரை மந்திரி உன்ரை மந்திரி ஆகினது?

செபநாயகம்: அது... நீ சொல்லாமல் நகர்த்தினனீ.

நடராசா: ம்... அதுக்குத்தானே நான் நெடுகச் சத்தமாச் சொல்லிச் சொல்லி நகர்த்திறனான். ஒருக்கா மறந்துபோனன்.

செபநாயகம்: ... என்ன சொன்னனீ?

நடராசா: ஒண்டுமில்லை. யோசிக்கிறன், குழப்பாதை.

செபநாயகம்: யோசி யோசி. நீ யோசிக்கேக்கை பல்லாலை ஒரு சத்தம் போடுவாய். அதைக் கேக்க எனக்குச் சோறு தின்னுறமாதிரி. வெண்டாலென்ன தோத்தாலென்ன, இந்த விறாந்தைக்கு வந்து உன்னைக் கரைச்சல் படுத்திறதுக்குத்தான் நான் காலமை எழும்புறதே.

நடராசா: அது நெடுக நடக்கவேணுமெண்டுதான்டா சொல்லுறன்...

செபநாயகம்: பந்தயம்!

நடராசா: கண்ணெண்டு சொன்னனே? சொல்லேல்லை.

செபநாயகம்: நினைச்சனீ. நடா, உனக்குத் தெரியாது. வெட்டப்போய், உள்ளதும் போச்சடா நொள்ளைக்கண்ணா எண்டு வந்தால்? இப்ப மங்கலாயெண்டாலும் உன்ரை வழுக்கை மினுங்கிறது தெரியுது.

நடராசா: அப்ப மங்கல்தான்!

செபநாயகம்: மங்கலெண்டு ஆர் சொன்னது?

சிவக்கொழுந்து: இஞ்சரப்பா, தேத்தண்ணி. செபநாயகம் அண்ணை, உங்களுக்குச் சீனி குறைச்சுப் போட்டனான்.

செபநாயகம்: நல்லது தங்கச்சி.

சிவக்கொழுந்து: அண்ணை... கோப்பை இந்தப் பக்கம்.

செபநாயகம்: தெரியும், தெரியும். சூடு ஆறட்டுமெண்டு...

சிவக்கொழுந்து: உங்கடை கையைத் தாங்கோ. இந்தாங்கோ, பிடியுங்கோ.

நடராசா: ம்ம்... ரயில் வந்தெண்டாலும் என்னைக் காப்பாத்தாதோ...

செபநாயகம்: கேட்டியே தங்கச்சி? உன்ரை மனுசன் தோக்கத் தொடங்கினால் ரயிலைக் கூப்பிடுவார்.

நடராசா: எங்கடை சட்டம் சட்டம்தான். ரயில் போகேக்கை ரண்டுபேரும் கையை எடுக்கவேணும். அதிர்விலை எந்தக் காய் எந்தக் கட்டத்துக்கு அரக்குதோ, அது அங்கைதான். திருப்பி வைக்கேலாது.

செபநாயகம்: விசர்ச் சட்டம். சண்டையாலை மதிலுக்கு அங்காலை தண்டவாளமே இல்லாமல் எத்தினை வரியம் கிடந்து, முதல் ரயில் திரும்பி வந்த அண்டைக்கு நீ போட்ட சட்டம். மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனீ. திரும்பி வந்து பாத்தால் என்ரை குதிரை வேறை கட்டத்திலை.

நடராசா: ரயில்வே கார்ட்டா இருந்தவன் அழாமல்? வந்ததே பெரிசு, அது என்ன செய்தாலும் சரியெண்டு அண்டைக்குச் சொன்னனான். இண்டைக்கும் அதுதான்.

செபநாயகம்: அதிர்ந்து அதிர்ந்து எப்பவும் உனக்கு வாய்ப்பாத்தான் அரக்கும்.

நடராசா: பொறு... பொறு! கையை எடு! வருது!

செபநாயகம்: என்ன வருது?

நடராசா: ரயில்! நிலம் அதிருறது தெரியேல்லையே?

சிவக்கொழுந்து: கோச்சியோ? நான் கடையாலை வரேக்கையே அதுக்குக் கேற் பூட்டி...

நடராசா: நீ உள்ளை போய் அடுப்பைப் பார்!

சிவக்கொழுந்து: அடுப்பு நூத்தாச்சு.

நடராசா: அப்ப போய் மூட்டு!

சிவக்கொழுந்து: உவருக்கு என்ன பிடிச்சது... போறன், போறன்.

செபநாயகம்: ஏன்டா அந்தப் பாவத்திலை பாயிறாய்?

நடராசா: கையை எடுத்திட்டியோ? நான் வழக்கம்போலை எழும்பிக் கார்ட்டுக்குக் கை காட்டிப்போட்டு வாறன்.

செபநாயகம்: காட்டு காட்டு. நல்லா எட்டிக் காட்டு.

நடராசா: ஓய்... ஓய்! இஞ்சாலை!

செபநாயகம்: கார்ட் திருப்பிக் காட்டினவனோ?

நடராசா: ஓ... காட்டினவன். சிரிச்சவன்.

செபநாயகம்: நல்ல பெடியன் போலை.

நடராசா: சரி, இருப்பம். என்ன... பிள்ளையாரே!

செபநாயகம்: என்னடா?

நடராசா: செபா. உன்ரை ராணி... ஒரு கட்டம் முன்னுக்கு வந்திட்டா. கடைசி வரிசையிலை இல்லை.

செபநாயகம்: விளையாடாதை.

நடராசா: தொட்டுப் பாரன்.

செபநாயகம்: ... ஓமடா. இஞ்சை நிக்கிறா.

நடராசா: இனி அந்த வரிசைக்குக் காவல் இல்லை. சட்டம்...

செபநாயகம்: சட்டம் சட்டம்தான். உன்ரை ஆட்டம். ஆடு.

நடராசா: சத்தமாச் சொல்லுறன், கேள். வெள்ளைக் கோட்டை நேரை இறங்குது. கடைசி வரிசை. செக்.

செபநாயகம்: முன்னாலை மூண்டு காலாள். நான் கட்டின மதில். பக்கத்திலை கோட்டை. ராணிக்கு எட்டாது... செக்மேற்.

நடராசா: மேற்.

செபநாயகம்: காய்ச்சல் இல்லாமல் தோத்திருக்கிறன், நடா.

நடராசா: அப்ப திங்கட்கிழமை...

செபநாயகம்: வாக்கெண்டால் வாக்கு. போறன். றொசாந்திக்கு நீயே ரெலிபோன் எடுத்துச் சொல்லு. நான் சொன்னால் அந்தப் பெட்டை நம்பாது. ஆனால் ஒண்டு, நீயும் வரவேணும்.

நடராசா: வராமல்?

செபநாயகம்: போட்டையும் கொண்டுவா. கண்ணைக் கட்டிவிட்டால் நான் தனிய என்ன செய்யிறது? நீ உன்ரை காயைச் சொல்லு, என்ரை காயை நான் சொல்லுறன், நீ நகர்த்து. கட்டின கண்ணோடை உன்னை வெண்டு காட்டிறன்.

நடராசா: ஓம்... கொண்டுவாறன்.

செபநாயகம்: வெண்டவன் ஏன்டா சோர்ந்துபோய்க் கதைக்கிறாய்? துள்ளிக் குதி. தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லு.

நடராசா: செபா... ஒண்டு சொல்லவேணும். சொன்னால் பந்தயம் கழண்டுபோம். நீ திங்கட்கிழமை வரமாட்டாய்.

செபநாயகம்: அப்ப சொல்லாதை.

நடராசா: சொல்லாமல் உன்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடத்த எனக்கு மனம் வரேல்லை. வெளியிலை போனது... ரயில் இல்லை. ரயில் நீ வாறதுக்கு முதலே போயிட்டுது. அது கல்லு ஏத்தின ரிப்பர் லொறி. அதிர்விலை ஏதேன் ஒண்டு அரக்காதோ எண்ட நப்பாசையிலை பொய் சொன்னனான். பந்தயம் செல்லாது. நீ வீட்டை போ. ஆனால், பந்தயத்துக்கில்லாட்டியும் எனக்காண்டி...

செபநாயகம்: ரிப்பர்தான். அதின்ரை மெசினிலை ஒரு இன்ஜெக்ரரும் வேலை செய்யேல்லை.

நடராசா: ... என்ன?

செபநாயகம்: ஆயுள் முழுக்க மெசினுக்குக் காது குடுத்தவனுக்கு, ரயிலுக்கும் ரிப்பருக்கும் வித்தியாசம் தெரியாதெண்டு நினைச்சியே? பாவம் அந்த றைவர். ஆரோ வழுக்கைத்தலை கிழவன் மதிலாலை எட்டிக் கை காட்டிறானெண்டு ஊருக்கெல்லாம் சொல்லப்போறான்.

நடராசா: தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீ?

செபநாயகம்: இருந்தனான்.

நடராசா: பொறு, பொறு. எனக்கொண்டு விளங்கேல்லை. நான் காயைத் தொடேல்லை, உன்னாணை. இஞ்சை பார், பிளாஸ்ரிக் காலாள் ஒண்டுகூட அசையேல்லை. எல்லாம் வச்ச இடத்திலை வச்சபடி. பாரமான இரும்பு ராணி மட்டும் எப்பிடியடா அரக்கினது?

செபநாயகம்: நீ ரிப்பருக்குக் கை காட்டேக்கை நான்தான்டா தள்ளினனான். பயமாக் கிடந்தது, நடா. பந்தயத்திலை தோத்துப் போறனெண்டால் ஒப்பரேசனுக்குப் போகலாம்போலை கிடந்தது... ஒரு கட்டம்தானே தள்ளினனான்? சரியான கட்டத்திலையோ விழுந்தது? எனக்குத் தெரியேல்லையடா.